நிலவறைகளும் நிழற்படமும்



'போட்டோ' என்பதற்குத் தமிழில் நிழற்படம் என்று பெயரிட்டோம். பெயரில் நிழல் இருந்தாலும், படத்தை எழுதுவது ஒளியே. ஒளி இல்லாத இடத்தில் காமிரா குருடு. அப்படியானால், கதிரவன் ஒருநாளும் எட்டிப் பாராத குகையையும், பொன் தோண்டும் சுரங்கத்தையும், மாநகரத் தெருக்களின் அடியில் ஓடும் சாக்கடையையும், மாளிகைகளுக்குக் கீழே உள்ள நிலவறைகளையும் படம் பிடிப்பது எங்ஙனம்? இதற்கு மனிதர் கண்ட விடைகளையும், அவ்விடைகளோடு சேர்ந்து வந்த சில பொறுப்புகளையும் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு பொம்மையின் கதையைச் சொல்கிறேன்.

நம் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த காலம் அது. பிரான்சின் தலைநகராகிய பாரிசில், நதார் என்ற புனைபெயர் பூண்ட நிழற்படக் கலைஞர் ஒருவர் வாழ்ந்தார். 1858-இல் பலூனில் ஏறி வானத்திலிருந்து படம் எடுத்தவர் அவர். மேலே போனவருக்குக் கீழே போகவும் ஆசை பிறந்தது. பாரிசு நகரின் அடியில் பழைய கற்சுரங்கங்கள் உண்டு. நகரத்து இடுகாடுகள் நிரம்பி வழிந்தபோது, 1786 முதல் அங்கிருந்த எலும்புகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இச்சுரங்கங்களில் அடுக்கினார்கள். அந்த எலும்பு மண்டபத்தில் 1861-ஆம் ஆண்டு நதார் தம் காமிராவுடன் இறங்கினார். பின்னர் நகரின் பெருஞ்சாக்கடைகளிலும் இறங்கினார்.

அந்நாளில் இன்றைய மின்விளக்கு ஏது? நதார் மின்கலங்களை வரிசையாக இணைத்து, இரண்டு கரித்துண்டுகளுக்கிடையே மின்பொறி எழச் செய்து, அவ்வொளியில் படம் எடுத்தார். மின்கலங்களைத் தெருவில் நிறுத்தி, கம்பிகளை மட்டும் கீழே இறக்கியதும் உண்டு. அத்தனை பாடுபட்டும் அவ்வொளி போதவில்லை. ஒரு படத்துக்குக் காமிராவின் கண்ணைப் பதினெட்டு நிமிடம் வரை திறந்து வைக்க வேண்டியிருந்தது. ஒருமுறை, அவ்வளவு நேரமும் காத்திருந்து படம் முடியும் தறுவாயில், எங்கிருந்தோ நீராவி கிளம்பி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டதாம்.

அப்படங்களில் ஒன்றில், எலும்புகள் நிறைந்த வண்டியை ஒரு தொழிலாளி இழுப்பதுபோல் தோன்றும். தொப்பியும் காற்சட்டையும் அணிந்திருப்பான். ஆயின், அவன் மனிதன் அல்லன். உடை உடுத்திய பொம்மை. உயிருள்ள மனிதன் பதினெட்டு நிமிடம் அசையாமல் நிற்க இயலுமா? மூச்சு விட்டாலும் உருவம் கலங்கிவிடும். ஆகவே, உழைப்பவன் நிற்க வேண்டிய இடத்தில் பொம்மையை நிறுத்தினார் நதார். இது அவருடைய குற்றம் அன்று. அக்காலக் கருவியின் குறை. என்றாலும், பூமிக்கடியில் எடுத்த மிகப் பழைய படங்களில், அங்கே நாள்தோறும் உழைத்த மனிதன் இல்லை, அவனுடைய பொம்மைதான் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்பேச்சின் முடிவில் அந்தப் பொம்மையிடம் மீண்டும் வருவோம்.

நதாருக்குப் பின் வந்தவர்கள் மக்னீசியம் என்னும் உலோகத்தின் துணையை நாடினார்கள். அதன் கம்பியைக் கொளுத்தினால் கண்ணைப் பறிக்கும் வெள்ளொளி எழும். வேதியியல் கூடத்தில் அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1864-இல் இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள ஒரு சுரங்கத்தை ஆல்பிரட் பிரதர்ஸ் என்பவர் மக்னீசிய ஒளியில் படம் பிடித்தார். மறு ஆண்டே பியாட்சி ஸ்மித் என்னும் வானியல் அறிஞர் எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் சென்று அவ்வொளியில் படம் எடுத்தார். 1866-இல் அமெரிக்காவின் மாமத் குகையும் இவ்வாறே படத்தில் ஏறியது. 1887-இல் ஜெர்மானியர் இருவர் மக்னீசியப் பொடியோடு வேறு சில பொருள்களைக் கலந்து, கணப்பொழுதில் பளீரென எரியும் பொடியை உண்டாக்கினர். பதினெட்டு நிமிடம் ஒரு நொடிக்குள் அடங்கிற்று. இனிப் பொம்மைக்கு வேலை இல்லை. மனிதனையே படம் பிடிக்கலாம்.

அந்தப் பொடியைக் கையில் எடுத்துக்கொண்டு நியூயார்க் நகரத்து ஏழைகளின் குடியிருப்புகளுக்குள் நுழைந்தவர் ஜேக்கப் ரீஸ். டென்மார்க்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, பத்திரிகைச் செய்தியாளராக ஆனவர். வானளாவிய மாளிகைகளின் நகரத்தில், காற்றும் வெளிச்சமும் புகாத நிலவறைகளில் மக்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்ததை அவர் படமாக்கினார். 1890-இல் அவற்றைப் புத்தகமாக வெளியிட்டார். எழுத்தில் படித்தபோது நம்பாதவர்கள் படத்தில் கண்டபோது தலைகுனிந்தார்கள். வீடற்றோர் தங்கிய காவல் நிலையங்களின் இழிந்த அறைகள் 1896-இல் மூடப்பட்டன. அவற்றை மூடிய தியடோர் ரூசவெல்ட் பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார். ஆனால் ரீஸின் முறையில் ஒரு குறையும் இருந்தது. உறங்கிக் கிடந்தவர்களின் முகத்துக்கு நேரே, கேளாமலே, திடீரென வெடியொளி எழுப்பிப் படம் எடுத்ததும் உண்டு. அவர் கொளுத்திய பொடியால் வீட்டில் தீப்பற்றியதும் உண்டு. அதை அவரே எழுதியிருக்கிறார். நல்ல நோக்கம் இருந்தாலும் படம் எடுக்கப்படுபவரின் இசைவைக் கேட்பது முறை அல்லவா?

ஏறத்தாழ அதே காலத்தில், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பர்ரோ என்னும் நிழற்படக்காரர் வெள்ளீயச் சுரங்கங்களில் இறங்கி, அங்கே வேலை செய்த தொழிலாளரை அவர்கள் வேலை செய்த இடத்திலேயே படம் பிடித்து, 1893-இல் நூலாக வெளியிட்டார். மெழுகுவத்தி ஒட்டிய தொப்பியுடன் அம்மனிதர்கள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். கார்ன்வால் சுரங்கத்தாரில் சிலர் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தனர். அவர்கள் வந்த இடம் கோலார் தங்கவயல். அங்கே உழைத்தவருள் பெரும்பாலோர் தமிழர். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பத்துடன் சென்றவர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறையே கொதிக்கும் வெப்பத்தில், அவர்கள் பொன் வெட்டினார்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அந்த ஆழத்துக்குப் போய்ப் பார்க்க நம்மால் இயலாது. அக்காலத்தில் எடுத்த படங்கள்தாம் நமக்குச் சான்று. தாத்தா எங்கே, எவ்வாறு உழைத்தார் என்று ஒரு பேரன் கேட்டால், சொல்லிக் காட்டுவதற்கு ஒரு பழைய படமாவது வேண்டும் அல்லவா?

இதுகாறும் பிறர் கதை கூறினேன். இனி, என் அறியாமையின் கதை ஒன்று.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே, விசித்திரசித்தன் என்னும் பட்டப்பெயர் கொண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறையைக் குடைந்து அமைத்த குகைக்கோயில் உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து எதுவுமின்றி நான்முகன், திருமால், சிவன் ஆகிய மூவர்க்கும் கோயில் எடுத்த செய்தியை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. நம் புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் போன்றோர் இத்தகைய பல்லவக் குகைகளைத் தேடித் தேடி ஆராய்ந்தார்கள். அவர்கள் சென்ற வழியில் என் மாணவர்களையும் அழைத்துச் செல்ல வேண்டுமென்று எனக்கு ஆவல்.

சுருள் காமிராக்களின் காலம் அது. இரவல் வாங்கிய காமிராவும் அதன் தலையில் பொருத்திய மின்வெட்டு விளக்கும் என்னிடம் இருந்தன. குகைக்குள் நின்று கல்வெட்டுக்கு நேரே பளிச்சென்று படம் எடுத்தேன். சுருள் முழுவதும் தீர்ந்தது. ஊர் திரும்பி, கழுவி வந்த படங்களைப் பார்த்தால் முன்னே இருந்த கல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. பின்னே இருந்த மண்டபம் கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. கல்வெட்டில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. மாணவர்கள் மரியாதை கருதிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

படம் கழுவித் தந்த ஸ்டூடியோக்காரர்தாம் என் ஆசிரியரானார். "சார், வெளிச்சத்தை நெற்றிக்கு நேரே அடிச்சா பள்ளமும் மேடும் ஒண்ணாத்தான் தெரியும். பக்கத்திலேருந்து சாய்ச்சு அடிங்க. அவசரப்படாதீங்க," என்றார். மறு ஆண்டு, உரியவர்களின் இசைவைப் பெற்று, முக்காலியுடன் சென்றேன். காமிராவை அசையாமல் நிறுத்தி, அதன் கண்ணைச் சில விநாடிகள் திறந்து வைத்தேன். ஒரு மாணவன் கைவிளக்கைச் சுவரோரமாகப் பிடித்து மெல்ல நகர்த்தினான். சாய்ந்து விழுந்த ஒளியில் ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கிற்று. படத்தில் எழுத்துகள் எழுந்து நின்றன. நிழற்படம் என்ற பெயரின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. ஒளி மட்டும் படம் ஆகாது. நிழலுக்கும் அதில் இடம் தர வேண்டும்.

கருவிகள் இன்று எவ்வளவோ வளர்ந்துவிட்டன. உங்கள் சட்டைப் பையில் உள்ள கைப்பேசியே நதார் கனவிலும் காணாத காமிரா. எனினும் இருளின் விதிகள் மாறவில்லை. அவற்றுள் நான்கைக் கூறுகிறேன்.

ஒன்று, தொலைவு. இயற்பியலில் நீங்கள் படித்த எதிர் இருபடி விதி இங்கே கண்கூடு. விளக்குக்கும் சுவருக்கும் இடையே 5 அடி இருக்கையில் 10 விநாடி ஒளி போதுமானால், 10 அடியில் 40 விநாடி வேண்டும். 15 அடியில் 90 விநாடி வேண்டும். தொலைவு இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. பெரிய குகைக்குள் சிறு விளக்குடன் செல்பவர் பொறுமையையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

இரண்டு, ஈரமும் தூசியும். நிலத்தடிக் காற்றில் நீர்த்துளிகளும் தூசும் மிதக்கும். காமிராவை ஒட்டியே விளக்கு இருந்தால், அத்துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்பிப் படமெங்கும் வெண்புள்ளிகளாகத் தோன்றும். விளக்கைக் காமிராவிலிருந்து தள்ளிப் பிடித்தால் அக்குறை பெரிதும் நீங்கும். குளிர்ந்த காமிராவை வெப்பமும் ஈரமும் மிக்க இடத்துக்குக் கொண்டு சென்றால் அதன் கண்ணாடி வியர்த்துவிடும். சற்றுநேரம் காத்திருந்தால் தெளியும்.

மூன்று, அளவு. குகையின் படத்தில் வானமும் இல்லை, மரமும் இல்லை. பத்தடிப் பொந்தும் நூறடி மண்டபமும் ஒன்றுபோல் தோன்றும். ஓர் அளவுகோலோ ஒரு மனிதனோ நின்றால்தான் பெருமை சிறுமை புலப்படும். நம் அரியாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், குழியின் படம் ஒவ்வொன்றிலும் அளவுகோல் இருக்க வேண்டும் என்பதில் மிகவும் கண்டிப்பானவர்.

நான்கு, அடக்கம். வௌவால்கள் உறங்கும் குகையில் வெளிச்சத்தை வாரி இறைக்கக் கூடாது. பழைய ஓவியங்களுக்கும் மிகுந்த ஒளி பகை. 1990-களின் தொடக்கத்தில் அஜந்தா ஓவியங்களைப் படம் பிடித்த பினாய் பெல், மிகக் குறைந்த ஒளியில் நெடுநேரம் காமிராவின் கண்ணைத் திறந்து வைத்தே அவ்வண்ணங்களை வெளிக்கொணர்ந்தார். குறைந்த ஒளி, நிறைந்த பொறுமை என்பதே இக்கலையின் சாரம்.

இவை நான்கும் படத்துக்கான விதிகள். இவற்றுக்கெல்லாம் முந்திய விதி ஒன்று உண்டு. அஃது உயிருக்கான விதி.

பாகூர்க் கொம்யூனில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, துடிப்பான மாணவன் ஒருவன் வந்து, "ஐயா, எங்கள் வயலில் பாழுங்கிணறு ஒன்று இருக்கிறது. ஆழ்குழாய் போட்ட பிறகு யாரும் அதில் இறைப்பதில்லை. கயிறு கட்டி உள்ளே இறங்கிப் படம் எடுக்கப் போகிறேன்," என்றான். அவன் ஆர்வம் மெச்சத்தக்கது. அவன் திட்டம் அஞ்சத்தக்கது. நெடுநாள் பயன்படாத கிணற்றில் கரியமில வாயு தேங்கி நிற்கக்கூடும். அது காற்றைவிடக் கனமானது. உயிர்க்காற்றை மேலே தள்ளிவிட்டு அடியில் குளம்போல் படுத்திருக்கும். அக்காலத்தில் நம் பெரியோர் முதலில் விளக்கைக் கட்டி இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கமாட்டார். அது நல்ல எச்சரிக்கைதான். ஆனால் முழுச் சோதனை ஆகாது. விளக்கை அணைக்காமலே ஆளைக் கொல்லும் வாயுவும் உண்டு. சாக்கடை போன்ற இடங்களில் எரியும் வாயு தேங்கியிருந்தால், விளக்கே வெடிக்குக் காரணமாகிவிடும்.

எனவே அவனை நான் இறங்கவிடவில்லை. காமிராவை இறக்கினோம். சிறு காமிராவையும் கைவிளக்கையும் ஒரு பலகையில் கட்டி, அது தானே இயங்குமாறு செய்து, கயிற்றில் மெல்ல விட்டோம். மேலே வந்த படங்களைப் பார்த்து வகுப்பே வியந்தது. கிணற்றின் செங்கல் சுவரில், ஒன்றன்கீழ் ஒன்றாக, வெளிறிய வளையங்கள் தெரிந்தன. முன்னாளில் நீர் நின்ற மட்டங்கள் அவை! கீழே செல்லச் செல்ல வளையங்கள். அடியில் வறண்ட மண். "இந்த வளையம் வரை நான் நீந்தியிருக்கிறேன்," என்று அம்மாணவனின் தாத்தா ஒன்றைத் தொட்டுக் காட்டினார். நிலத்தடி நீர் தாழ்ந்துவிட்டது என்று நான் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று அந்த ஒரு படம் நடத்திய பாடத்தை நான் நடத்தியதில்லை.

இதை இத்துணை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், வில்லியனூருக்குச் செல்லும் வழியில் உள்ள ரெட்டியார்பாளையத்தின் புதுநகரில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பாதாளச் சாக்கடையின் நச்சுவாயு வீட்டுக் கழிப்பறை வழியே மேலே வந்து தாக்கியதில் மூவர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருத்தி பள்ளிப் பருவத்துச் சிறுமி, உங்களைப் போன்றவள். அவர்கள் எந்தக் குகைக்குள்ளும் இறங்கவில்லை. தங்கள் வீட்டில் இருந்தார்கள். சாக்கடைகளில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு அழுகிய முட்டைபோல் நாறும் என்று படித்திருப்பீர்கள். ஆனால் அது மிகுந்து நிற்கும்போது மூக்கின் நுகரும் ஆற்றலையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்தும் நீங்கிவிட்டது என்று எண்ணுவது பெரும் பிழை. காற்றைச் சோதிக்கும் கருவியும், பயிற்சி பெற்றோர் துணையும், மேலே காவல் நிற்பவரும் இல்லாமல் எந்தக் குழிக்குள்ளும் இறங்காதீர்கள். ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க மற்றொருவர் உடனே குதிப்பதும் கூடாது. அவ்வாறு குதித்து இருவராய், மூவராய் மாண்டோர் நம் நாட்டில் பலர். உடனே தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

இப்போது அந்தப் பொம்மையிடம் திரும்புவோம்.

நம் காலடியில் ஒரு நாடு இருக்கிறது. சாக்கடைகளும் குடிநீர்க் குழாய்களும் சுரங்க வழிகளும் கொண்ட நாடு. சென்னையில் 2017-ஆம் ஆண்டு மே திங்கள் முதல் மக்கள் பூமிக்கடியில் இரயிலில் செல்கிறார்கள். அந்தச் சுரங்கத்தைக் குடைந்த பொறிகளின் படங்களைக் கண்டு வியக்கிறோம். அப்பொறியின் அருகே தலைக்கவசம் அணிந்து நிற்கும் தொழிலாளரை எத்தனை பேர் உற்றுப் பார்க்கிறோம்? பாதுகாப்புக் கருவியின்றி மனிதரைச் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறக்கக் கூடாது என்று 2013-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன் பின்னும் அக்குழிகளில் உயிர்கள் போயின. காரணம், மூடி போட்டு மூடிய எதையும் நாம் பார்ப்பதில்லை. பார்க்காததைப் பற்றிக் கவலை கொள்வதும் இல்லை.

நதாரின் பதினெட்டு நிமிடம் இன்று ஒரு விநாடியாகச் சுருங்கிவிட்டது. உழைப்பவன் இருக்க வேண்டிய இடத்தில் பொம்மையை வைக்க இனி நமக்குச் சாக்கு இல்லை. ஆகவே, மாணவர்களே, நிலத்தடியைப் படம் பிடிக்கும் வாய்ப்பு உங்களுக்கு வாய்த்தால், இருளின் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். அங்கே உழைக்கும் மனிதரிடம் இசைவு கேளுங்கள். அவர் பெயரைக் கேளுங்கள். அவருக்குக் கையுறையும் முகக்கவசமும் உண்டா என்று பாருங்கள். அவரையும் படத்தில் நிறுத்துங்கள். எடுத்த படத்தை முதலில் அவருக்குக் காட்டுங்கள்.

என் மேசையின் மேல் இன்றும் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று, மண்டகப்பட்டுக் கல்வெட்டு. மற்றொன்று, பாகூர்ப் பாழுங்கிணறு. அக்கிணற்றுப் படத்தின் ஓரத்தில், மேலே விளிம்பில், வட்டமான வெளிச்சத்தில் சில தலைகள் கறுப்பாகத் தெரியும். கயிற்றைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் மாணவர்கள் அவர்கள். எல்லோரும் மேலே இருந்தார்கள். அதனால்தான் அந்தப் படம் எனக்குப் பிடிக்கும்.